வெட்டுத்துண்டு இல்லாத வீடு

என் வீட்டுக்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர்களைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். குனிந்த தலை நிமிரவில்லை, எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று என் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜன்னலோரத்தில் ஒரு டைல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கல்யாணத்துக்குப் பிறகு எனக்குத் தெரியவந்தது. அம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

டைல்ஸ் போடுவது அவர் தொழில். இருபது வருஷமாக முட்டி போட்டே சம்பாதிக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, நடுவில் குமிழி ஓடுகிற ஒரு குச்சி இருக்குமே, அதுதான். சாண் நீளத்தில் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். சாப்பிடப் போன கடையில் மேஜைமேல் வைத்துப் பார்ப்பார். பஸ் சீட்டில் வைத்துப் பார்ப்பார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் குதிகாலால் தட்டித் தட்டி நடந்து, எந்தெந்த டைலுக்கு அடியில் பொள்ளலாக இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். "பொண்ணு பொறந்திருக்கு, வந்து பாருங்க" என்று நர்ஸ் நாலு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அடுத்தவர் தரையை எல்லாம் மட்டம் பார்க்கிறவருக்குத் தன் மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் கால் ஆடும். சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய்ப் பென்சில் தேடுவார். எல்லாம் ஒரு காகிதம் படுத்தும் பாடு. பீரோவின் உள்கதவில் ஒட்டியிருக்கிறது, அவர் கட்டப்போகும் வீட்டின் படம்.

அவருக்குத் தொழிலில் பிடிக்காத ஒரே வேலை டைலை வெட்டுவது. எந்த அறையும் டைலின் அளவுக்குச் சரியாக அமைவதில்லை. மூன்று பக்கமும் முழு டைல் உட்கார்ந்தால் நாலாவது பக்கம் நாலு விரல் மிச்சம் நிற்கும், அங்கே துண்டு வெட்டி வைக்க வேண்டும். சுவர் கோணலென்றால் துண்டையும் கோணலாக வெட்ட வேண்டும். "வீட்டைக் கட்டி முடிச்சிட்டு அப்புறம் டைலைக் கூப்பிடறாங்க. டைலைக் கையில வெச்சுக்கிட்டு இல்ல வீட்டைக் கட்டணும்?" என்பார். ஒரு துண்டுகூட வெட்டாமல் முழு டைலாகவே ஓடும் ஒரு வீடு. இரண்டடிக்கு இரண்டடி, சாம்பல் நிறம், மெல்லிய வெள்ளை ரேகை. மொத்தம் இருநூற்று நாற்பது டைல். அந்தக் கணக்குக்குத்தான் சுவரே எழும்ப வேண்டும் என்பது திட்டம்.

மனை எங்கே என்று கேட்காதீர்கள். அது இன்னும் வாங்கவில்லை. டைலைத்தான் முதலில் வாங்கினார்.

கல்யாணமான முதல் வருஷத்தில் ஆரம்பித்தது, பதினோரு வருஷம் ஆகிறது. நடுவில் கம்பெனிக்காரன் அந்த ரகத்தையே நிறுத்திவிட்டான். நல்லதாகப் போயிற்று, இதோடு விடுவார் என்று நினைத்தேன். மனிதருக்கு வெறி இரண்டு பங்காகிவிட்டது. கோடவுன் கோடவுனாக ஏறி இறங்கி, ஒரே நிறம், ஒரே நம்பர் என்று தேடித் தேடிச் சேர்த்தார். இருநூற்றுப் பதினாறு சேர்ந்துவிட்டது, இருபத்துநாலுதான் பாக்கி. அந்த இருபத்துநாலைத் தேடியே மூன்று வருஷம் ஓடியது.

இத்தனையும் எங்கே இருந்தது என்கிறீர்கள்? எங்கள் முன்னறையில்தான். நாங்கள் இருப்பது வாடகை வீடு. எட்டடி அகலம், பதினைந்தடி நீளத்தில் ஒரு முன்னறை. அதைத் தாண்டி ஒரு சின்ன சமையலறை, அதற்குள்ளிருந்தே குளியலறை. பின்பக்கம் வாசல் கிடையாது. முன்னறையின் ஒரு பக்கம் முழுக்க டைல் பெட்டிகள், எதிர்ப்பக்கம் கட்டிலும் பீரோவும், கட்டிலுக்கு அடியிலும் பெட்டிகள். நடுவில் வெட்டும் மெஷின், வாளி, கொத்துக்கரண்டி. இதற்கிடையில் ஒன்றரை அடி வழி. அந்த வழியில்தான் பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

ஊருக்கெல்லாம் தரை போடுகிறவரின் வீட்டுத் தரை வெறும் சிமெண்ட். அதிலும் அங்கங்கே பெயர்ந்து உள்ளங்கை அளவுக்குக் குழி. குழாய் சொட்டினால், "அங்க போனதும் நல்ல குழாயா போட்டுக்கலாம்" என்பார். ஜன்னல் கதவு சாத்தாவிட்டால், "அங்க எல்லாம் புதுசுதானே" என்பார். அங்க, அங்க, அங்க. நான் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின், இன்றே ஆரம்பிக்கணும் என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கு வாய்த்தவர் எதையும் இன்றைக்கு ஆரம்பிக்க மாட்டார்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து, முட்டிக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. ஏழு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது முட்டி முழுதாக மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தரும் அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"எட்டு வாரம்தான் டைம். தினம் மூணு வேளை வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நேரா நடக்கணும். தரை சமமா இருக்கணும், பத்துப் பன்னெண்டு அடியாவது தடங்கல் இல்லாம இருக்கணும். இந்த எட்டு வாரத்துல எவ்வளவு நிமிருதோ அவ்வளவுதான். அப்புறம் இறுகிடும், நான் இழுத்தாலும் வராது."

என் வீட்டுக்காரர் பலமாகத் தலையாட்டினார். வெளியே வரும்போது, "அந்த ரூம்ல மேற்கு மூலை ரெண்டு நூல் இறங்கியிருக்கு, பார்த்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

வாக்கரின் அகலம் இரண்டடி. எங்கள் வீட்டு வழி ஒன்றரை அடி. தெருவோ ஜல்லியும் பள்ளமும். மாடியில் வீட்டின் சொந்தக்கார அம்மா இருக்கிறார், நல்ல மனுஷி. ஆனால் அங்கே போக இருபது படி ஏற வேண்டும். நான் பெட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னேன். "கோடவுன்ல இடம் கேட்டிருக்கேன், ரெண்டு நாள் பொறு" என்றார். இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. "மழையில நனைஞ்சா பெட்டி ஊறிடும், கொஞ்சம் பொறேன்" என்றார். ஒரு வாரம் இரண்டு வாரமாயிற்று. எட்டில் இரண்டு போய்விட்டது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலித்தது. மகள் கட்டிலில் உட்கார்ந்தபடியே காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க முப்பது அடிக்கு ஹால்டா கண்ணு. நீ நடக்க மாட்டே, ஓடுவே" என்றார் அவளிடம்.

"அங்க போறப்ப எனக்கு எத்தனை வயசுப்பா இருக்கும்?"

"ஒரு பதினாலு, பதினஞ்சு."

"அப்ப இந்தக் கால் இப்படியேதான் இருக்குமா?"

அவர் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிள்ளைக்கு முன்னால் வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் பீரோக் கதவடியில் உட்கார்ந்து எதையோ அழித்து வரைந்துகொண்டிருந்தார். மகள் எனக்கு நடந்து காட்ட வேண்டுமென்று வாக்கரைச் சாய்வாகத் திருப்பிப் பிடித்து இரண்டு அடி வைத்தாள். வாக்கரின் ஒரு கால் குழிக்குள் இறங்கியது. அப்படியே பக்கவாட்டில் டைல் பெட்டிகளின்மேல் சாய்ந்து விழுந்தாள். மேல் பெட்டி சரிந்து தரையில் இறங்கியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து எழுந்தார். எழுந்தவர் முதலில் பார்த்தது பெட்டியை.

ஒரு விநாடிதான். உடனே மகளைத் தூக்கிவிட்டார், காலைத் தடவிப் பார்த்தார், எல்லாம் செய்தார். நல்லவேளை, புதிதாக அடி எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு விநாடியை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு அவள் கேட்டது இதுதான்.

"டைல் உடைஞ்சிடுச்சாப்பா?"

எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் வந்தது கோபம்கூட இல்லை, வெறுப்பு. பொய் சொல்வானேன், அப்படியே கிளம்பி அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பெட்டியைப் பிரித்து உடைந்த டைலை வெளியே எடுத்தார். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தை மாடி அம்மாவிடம் கேட்டு வாங்கி, ஐம்பத்துநாலு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் அடுக்கினார். நாங்கள் மாடிக்கு மாறினோம். மகளை இருபது படியும் அவரே தூக்கிக்கொண்டு ஏறினார். சனிக்கிழமை கட்டிலையும் பீரோவையும் வெளியேற்றிவிட்டுக் குழிகளை நிரப்பித் தரையைச் சமன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்கு அடியிலிருந்து எட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துவந்து, டைல் ஒட்டும் பசையைக் கரைத்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"இந்த வீட்டுக்கா போடப் போறீங்க?" என்று கேட்டேன். மூன்று நாளில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"வேற எந்த வீட்டுக்கு?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மாடி அம்மா எட்டிப் பார்த்து, "வாடகை வீட்டுக்குச் சொந்த டைலைப் போடற ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சிரித்தார். அவருக்கென்ன, தரை அவருக்குத்தானே மிஞ்சப்போகிறது.

மகளை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் ஒரே இடைவெளி வருவதற்குக் கூட்டல் குறி மாதிரி சின்ன பிளாஸ்டிக் துண்டு வைப்பார்கள். அந்தப் பை அவள் மடியில். "பிளஸ்" என்று அவர் கையை நீட்டுவார், அவள் எடுத்துக் கொடுப்பாள். அவளுக்குக் கை எட்ட வேண்டுமே என்று வாசலை ஒட்டியே முதல் வரிசையை ஆரம்பித்தார். முதல் இரண்டு வரிசை முழு டைலாகவே வந்தது. மூன்றாவதில் சுவர் உள்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஒரு டைலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெஷினில் வைத்துக் கோடு இழுத்து அழுத்தினார்.

"அப்பா, வெட்டறீங்களா?"

"சுவர் கோணலா இருக்கும்மா. சுவரை வெட்ட முடியாதே."

அதன்பிறகு வேகம் பிடித்துவிட்டது. அவர் உள்ளே போகப்போக அவளுக்குக் கை எட்டவில்லை, பிளஸ்ஸைத் தூக்கிப் போட்டாள். அவர் பிடித்தார். தவறவிட்டால் அவள் கைகொட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எட்டாவது வரிசையைப் பாதியாக வெட்டிச் சமையலறை வாசல்படியில் முடித்துவிட்டு, முதுகை நிமிர்த்தி நின்றார். மணி ஒன்று இருக்கும். நின்றவர் எங்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். திரும்பி, பின்னால் இருந்த சமையலறையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம், உள்மூலையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும் என்பது. புதிதாகப் போட்ட தரையில் ஒரு நாள் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் டைல் அமிழ்ந்து போகும். இருபது வருஷ அனுபவசாலி வாசலில் ஆரம்பித்து உள்ளே முடித்துவிட்டு, தன் வீட்டுச் சமையலறையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார். நான் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பிற்பாடு மாடி அம்மா கேட்டார். அவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். மூன்று நாளைக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு இந்நேரம் வரைக்குமா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும்தான்."

ஐந்து நிமிஷம் ஒரு இடத்தில் உட்காராத மனிதர். சமையலறைக்குள் நாலு தப்படி போவதும் வருவதுமாக இருந்தார். பசித்ததும், "உப்பு எங்க வெச்சிருக்கே?" என்று குரல் வந்தது. "பதினோரு வருஷமா அதே டப்பாலதான் இருக்கு" என்றேன். எதையோ கிண்டிச் சாப்பிட்டார். சொட்டும் குழாயைக் கழற்றி மாட்டினார், சொட்டு நின்றது. எனக்கு வந்த வயிற்றெரிச்சலை என்ன சொல்ல, கால்மணி நேர வேலையாம் அது.

இரண்டு மணிக்கு அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. கோடவுன்காரர்.

"ரசமட்டம், உங்க ராசிதான் போங்க. உங்க நம்பர் டைல் கிடைச்சிருக்கு. ஆறு பெட்டி. சரியா இருபத்துநாலு."

மூன்று வருஷம் தேடிய இருபத்துநாலு, மூன்று நாளைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா? அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

"இப்ப இருபத்துநாலு பத்தாது. அம்பத்தேழு வேணும்" என்றார்.

"என்னய்யா, ராத்திரியோட ராத்திரியா வீடு பெருத்துடுச்சா? இருக்கறதை வந்து எடுங்க. நாலு மணிக்குள்ள வரலேன்னா இன்னொருத்தர் ஏத்திக்கிட்டுப் போயிடுவார்."

அவர் விளிம்புக்கு வந்து நின்றார். பதினைந்தடிதான். சுவரோரமாக எட்டு எட்டு வைத்தால் வாசல். ஒரு காலைத் தூக்கியேவிட்டார். மகள் நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எனக்கே தாங்கவில்லை.

"நான் வேணா ஓடிப்போய் எடுத்து வெக்கச் சொல்லட்டுமா?" என்றேன். இவ்வளவு திட்டியவள் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பதினோரு வருஷம் அந்தப் பெட்டிகளை நானும்தானே துடைத்தேன்.

அவர் காலைக் கீழே வைத்தார், சமையலறைப் பக்கமே.

"நீ போனா பாப்பாவை யாரு பார்த்துக்கறது?" என்றவர், போனில், "வர முடியாதுங்க. வீட்டுல மாட்டிக்கிட்டேன்" என்றார்.

"யாரு மாட்டிவிட்டாங்க?"

"நானேதான்."

அதற்குப் பிறகு வெகுநேரம் சமையலறை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கால் ஆடியது. விரல் நிலைக்கட்டையில் தாளம் போட்டது. திடீரென்று, "இது என்ன கோடு?" என்று கேட்டார். சமையலறை நிலையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பென்சில் கோடுகள்.

"உங்க பொண்ணோட உயரம். வருஷா வருஷம் போடறேன்."

ஊரையே அளக்கிறவர், தினமும் பத்துத் தடவை தாண்டிப் போகும் நிலையில் இருந்ததை அன்றுதான் பார்த்தார். டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து, எங்களுக்கு உரக்கப் படித்தார். ஆறு வயதில் மூன்று விரல்கடை வளர்ந்திருக்கிறாள், ஏழில் இரண்டரை.

"இந்த வருஷக் கோட்டைக் காணோமே?"

"அவ நேரா நிக்கட்டும்னு இருக்கேன்."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை மதியம் அங்கங்கே குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டு, "வரலாம்" என்றார். நான் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். மகள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல் டைலில் கால் வைத்தாள். ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வைத்தாள்.

"காலைப் பார்க்காதே. என்னைப் பாரு" என்றார். அவரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு டைல் மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றது எனக்கே தெரிந்தது. அவர் கண்ணில் படவில்லை.

பதினைந்தடியையும் தாண்டிப் போய் நிலைக்கட்டையில் முதுகைச் சாய்த்து நின்றாள். "கோடு போடுங்கப்பா." அவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அவள் தலைமேல் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை காத்திருந்து கோடு இழுத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். புதுக் கோடு போன வருஷக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

"நான் வளரவே இல்லையாப்பா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"வளர்ந்திருக்கேடா. முட்டிதான் இன்னும் நிமிரல. நாளைக்குக் காலையில மறுபடி போடலாம்" என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்ட மிகக் கிட்டத்துத் தேதி அதுதான். பென்சிலை நான் பீரோவில் வைக்காமல் நிலைக்கு மேலேயே வைத்தேன்.

அப்போது மீதம் இருந்தது ஆறு வாரத்துக்கும் குறைவு. தினமும் காலையில் நடை, பிறகு கோடு. சில நாள் முந்தின கோட்டின் மேலேயே விழும். ஒரு நாள் கீழே இறங்கிவிட்டது, அன்றைக்கு மூவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். படிக்கு அடியில் நாற்பத்தாறு பெட்டி அப்படியேதான் இருக்கிறது. ஐம்பத்தேழு டைலுக்குக் கோடவுன்காரரை இன்னமும் அரித்துக்கொண்டிருக்கிறார். காகிதத்தில் சமையலறைக்கு மட்டும் பின்வாசல் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது.

முப்பத்தெட்டாவது நாள் காலையில் கோடு போன வருஷக் கோட்டைத் தாண்டியது, அரை விரல்கடை. அவர் ரசமட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலைப் பையைத் தோளில் மாட்டி, வேலைக்குக் கிளம்பிவிட்டார். தெருமுனை வரைக்கும் போனவர், திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்து, இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.